டோட்டோரோ யாரையும் குணப்படுத்துவதில்லை

1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு அனிமேஷன் படங்கள் காட்டினார்கள். இரண்டுமே ஸ்டுடியோ ஜிப்லி எடுத்தவை. ஒன்று ஹயாவோ மியாசாகியின் 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ'. கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவரும் அக்கா தங்கை, பக்கத்துக் காட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய உரோம உயிரினம், கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். இன்னொன்று இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை'. குண்டுவீச்சில் அம்மாவை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகிற கதை. எதை முதலில் போடுவது என்பது அரங்குக்கு அரங்கு மாறியது. டோட்டோரோவைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்கும் உட்கார்ந்திருந்த குழந்தைகளை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது.

இரண்டையும் சேர்த்தது பணத்துக்காக. தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி பல இடங்களில் சொல்லியிருக்கிறார்: 1950களின் கிராமம், இரண்டு சிறுமிகள், ஒரு பூதம் என்ற யோசனைக்குப் பணம் போட ஜிப்லிக்குப் பின்னால் இருந்த தொகுமா பதிப்பகத்தில் யாரும் தயாராக இல்லை; தகஹாதா படத்தையும் சேர்த்து இரட்டைப் படமாகக் கேட்டபோது, பூதம் போதாதென்று கல்லறை வேறா என்று மேலிடத்தில் கோபப்பட்டார்கள். கல்லறைக் கதையின் மூலநூலை வெளியிட்ட ஷின்சோஷா பதிப்பகம் அந்தப் படத்துக்கு முதலீடு செய்ய முன்வந்த பிறகே வேலை நகர்ந்தது. வசூல் சுமார்தான். ஆனால் அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படம் என்று 'கினெமா ஜுன்போ' பத்திரிகை டோட்டோரோவைத் தேர்ந்தெடுத்தது, மறு வருஷம் தொலைக்காட்சியில் வந்தது, அப்புறம்தான் நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. டோட்டோரோ பொம்மை கடைக்கு வந்ததே படம் வெளியாகிக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து. இன்று அந்த நிறுவனத்தின் முத்திரையே டோட்டோரோதான்.

இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது: வில்லன் இல்லை, சண்டை இல்லை, மனசுக்கு இதம், குழந்தைப் பருவத்தின் கள்ளமற்ற அழகு. தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் படத்தில் பாதி கண்ணில் படாமலே போய்விடும் என்று நினைக்கிறேன். டோட்டோரோ ஒரு பயத்தைப் பற்றிய படம். அம்மா செத்துப்போய்விடுவாளோ என்ற பயம். காட்டு ஆவிகள் அந்தப் பயத்தைத் தீர்த்துவைக்க வருவதில்லை, அது இருக்கும்போது கூட இருக்க வருகின்றன. இதை ஒருமுறை கவனித்துவிட்டால் படத்தின் ஒவ்வொரு காட்சியும் வேறு மாதிரி தெரியும்.

அந்தக் குடும்பம் ஏன் கிராமத்துக்கு வருகிறது? அம்மா இருக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. நோய் என்னவென்று படத்தில் யாரும் பெயர் சொல்வதில்லை. ஆனால் 1988இல் நாற்பது வயதைத் தாண்டிய ஜப்பானியருக்குச் சொல்லவே வேண்டாம். குன்றின் மேல், நல்ல காற்றுக்காகக் கட்டிய, மாதக்கணக்கில் ஆட்களை வைத்திருக்கும் மருத்துவமனை என்றால் அது காசநோய்க்கானது. 1950 வரைக்கும் ஜப்பானில் மரணத்துக்கு முதல் காரணமாக இருந்தது காசநோய்தான். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் வந்த பிறகு நிலைமை மாறியது, ஆனாலும் 50களில் வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேருக்கு வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் அப்படிப் போய்ப் படுத்திருந்தார். மியாசாகி 1941இல் பிறந்தவர். அவருடைய அம்மாவுக்கு முதுகெலும்பில் காசநோய். 1947 முதல் பல ஆண்டுகள், முதலில் மருத்துவமனையிலும் பிறகு வீட்டிலுமாகப் படுக்கையில் இருந்தார். படத்தில் வரும் குன்றின் பெயர்கூட, டோக்கியோவுக்கு மேற்கே ஹிகாஷிமுராயாமாவில் நிஜமாகவே இருக்கும் ஹச்சிகொகுயாமா என்ற குன்றின் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்ததுதான்.

சரி, இப்போது டோட்டோரோ எப்போதெல்லாம் வருகிறது என்று பாருங்கள். அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டாள், அப்பா மேசையில் குனிந்து வேலை பார்க்கிறார், நாலு வயது மெய் தனியாகத் தோட்டத்தில் சுற்றுகிறாள். அப்போதுதான் குட்டி டோட்டோரோவைத் துரத்திக்கொண்டு புதருக்குள் நுழைந்து பெரியதன் வயிற்றின் மேல் போய் விழுகிறாள். இரண்டாவது முறை, பேருந்து நிறுத்தத்தில். இருட்டிவிட்டது, மழை, அப்பா வர வேண்டிய பேருந்தில் அப்பா இல்லை, தங்கை முதுகில் தூங்கிவிட்டாள், பத்து வயது சாட்சுகி குடையோடு ஒற்றை ஆளாய் நிற்கிறாள். பக்கத்தில் வந்து நிற்கிறது. மூன்றாவது, அம்மா வீட்டுக்கு வரும் நாளை எண்ணிக்கொண்டு, புதைத்த விதைகள் முளைக்கவில்லையே என்று மெய் தினமும் தவங்கிடக்கும் சமயத்தில், நள்ளிரவில். நான்காவது, மெய் காணாமல் போய், ஊரே குளத்தில் தேடிக்கொண்டிருக்கும்போது. நான்கு முறையும் பக்கத்தில் கைகொடுக்கப் பெரியவர்கள் இல்லாத நேரம், அல்லது இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத நேரம்.

அது வந்து என்ன செய்கிறது? தூங்க இடம் கொடுக்கிறது. ஓக் மரக் கொட்டைகளை இலையில் பொதிந்து தருகிறது. மார்பில் தொற்றிக்கொள்ளவிட்டு ஒரு சுற்று பறக்கிறது. கடைசியில், காணாமல் போன தங்கையிடம் சாட்சுகியைக் கொண்டுசேர்க்க, பூனை உருவில் ஓடும் பூனைப் பேருந்தைக் கூப்பிட்டுவிடுகிறது. ஒரு வார்த்தை பேசுவதில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்வதில்லை, அம்மாவின் நோயைத் தொடுவதே இல்லை. அம்மா தேறுவது மருத்துவமனையில், மருத்துவர்களால், மெதுவாக. முடிவில் பெயர்கள் ஓடும்போது வரும் ஓவியங்களில்தான் அவள் வீடு திரும்புகிறாள். ஒரு மந்திர உயிரினத்தைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டு, கதையின் முக்கியமான துன்பத்தை அதன் கையில் கொடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்! வேறு யாராக இருந்தாலும் கடைசிக் காட்சியில் டோட்டோரோ ஊதிய காற்றில் அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

படத்தின் நிஜமான உச்சம் எனக்குத் தந்தி வரும் காட்சிதான். மருத்துவமனையிலிருந்து தந்தி; அப்பா நகரத்தில்; சாட்சுகி ஓடிப்போய்த் தொலைபேசி இருக்கும் வீட்டிலிருந்து அவரை அழைக்கிறாள். சும்மா ஜலதோஷம்தான் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி தேற்றுகிறாள். போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள் என்று சாட்சுகி வாய்விட்டு அழுதுவிடுகிறாள். அதுவரைக்கும் அவள் சமைத்தவள், சாப்பாட்டுப் பெட்டி கட்டியவள், தங்கையைத் தூக்கியவள். பத்து வயதில் அம்மா வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அவள் அழுவதைப் பார்த்து மெய் அதிர்ந்து நிற்கிறாள், அப்புறம் தான் பறித்த சோளக்கதிரை மார்போடு அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடக்கத் தொடங்குகிறாள். பாட்டி சொல்லியிருக்கிறாள், வெயிலில் விளைந்ததைச் சாப்பிட்டால் அம்மாவுக்கு உடம்பு தேறும் என்று. நாலு வயதுக்கு அது முழு உண்மை.

முதல் திட்டத்தில் சிறுமி ஒருத்திதான் இருந்தாள், கதையை நீட்ட வேண்டிவந்தபோது அவளை இரண்டாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் படத்தின் விளம்பர ஓவியத்தில் டோட்டோரோவுக்குப் பக்கத்தில் குடையோடு நிற்பது ஒரே ஒரு சிறுமி, சாட்சுகியும் இல்லை மெய்யும் இல்லை, இருவரும் கலந்தவள். பிரித்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. பயத்தை அப்படியே நம்பிக்கையாக மாற்றிக்கொண்டு நடந்துவிடும் வயது ஒன்று, எல்லாம் புரிந்தும் சொல்ல முடியாத வயது ஒன்று, இரண்டும் ஒரே வீட்டில்.

இவ்வளவு சின்ன விஷயங்களை வைத்து ஒரு முழு நீளப் படத்தைத் தாங்கலாம் என்ற தைரியம் 1988இல் திடீரென்று வந்ததல்ல. 1974இல் 'ஹைடி' தொலைக்காட்சித் தொடர், 52 வாரம். தகஹாதா இயக்கம், யோயிச்சி கொடாபே பாத்திர வடிவமைப்பு, மியாசாகி காட்சியமைப்பு. அனிமேஷன் தொடருக்காக சுவிட்சர்லாந்துக்கே நேரில் போய்ப் பார்த்துவந்து வரைந்தார்கள், அந்தக் காலத்தில் அபூர்வமான வேலை. ஒரு பிள்ளை பாலாடைக்கட்டியை நெருப்பில் உருக்கி ரொட்டியில் போட்டுச் சாப்பிடுவதை, வைக்கோலில் படுக்கை போடுவதை, ஆடு மேய்ப்பதை அவசரமில்லாமல் காட்டினார்கள், மக்கள் வாரா வாரம் உட்கார்ந்து பார்த்தார்கள். அன்றாட வாழ்க்கையைச் சரியாக வரைந்தால் அதுவே போதும் என்று தகஹாதா நிரூபித்தது அங்கேதான். மியாசாகி அதில் காட்டு உயிரினத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்த விதத்திலும் தகஹாதாவின் பாடம் தெரிகிறது: முதலில் வீட்டைக் காட்டுகிறார்கள், கிணற்றுப் பம்பு, கழுவித் துடைக்கும் தாழ்வாரம், அப்பாவும் பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்கும் தொட்டி, மாடியில் கரித்தூசி உருண்டைகள். இத்தனையும் நம்பிவிட்ட பிறகு டோட்டோரோவை நம்புவது ஒரு பெரிய தாவல் இல்லை.

பேருந்து நிறுத்தக் காட்சியில் பாதி நேரம் ஒன்றும் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மழை. விளக்குக் கம்பம். ஒரு தேரை மெதுவாக நடந்து போகிறது. குடையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் பிடித்துப்போய் டோட்டோரோ குதிக்கிறது, மரத்திலிருந்து மொத்த மழையும் கொட்டுகிறது. ஜோ ஹிசாய்ஷியின் இசையும் சும்மா சில சுரங்களோடு அடக்கி வாசிக்கிறது. காத்திருப்பதை வேகப்படுத்தாமல் காத்திருப்பாகவே விட்டிருக்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் படம் முழுக்கச் செய்வது அதுதான்.

அடுத்து, அந்த மரம். மெய் டோட்டோரோவைப் பார்த்தேன் என்று சொல்லி, திரும்பப் போய்க் காட்ட முடியாமல், நான் பொய் சொல்லவில்லை என்று முகம் சிவந்து நிற்கும்போது, அப்பா சிரித்து ஒதுக்குவதில்லை. நீ காட்டின் தலைவனைப் பார்த்திருக்கிறாய், எப்போதும் பார்க்கக் கிடைக்காது என்கிறார். மூவரும் ஏறிப் போகிறார்கள். உச்சியில் பிரம்மாண்டமான கற்பூர மரம், நாம் பூஜைக்கு ஏற்றும் கற்பூரத்தைத் தரும் அதே இனம். அதைச் சுற்றி வைக்கோல் புரி, அதில் தொங்கும் வெள்ளைக் காகிதத் துண்டுகள். ஜப்பானில் இப்படிப் புரி கட்டிய மரத்தையோ பாறையையோ பார்த்தால் அங்கே 'கமி' இருப்பதாக அர்த்தம். கமி என்பது மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் கடவுள் இல்லை. மலைக்கு, ஆற்றுக்கு, முதிர்ந்த மரத்துக்கு, சில சமயம் இறந்த மனிதருக்கும் உரிய ஒரு இருப்பு. அப்பா மரத்துக்கு முன்னால் நேராக நின்று, மெய்யைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, இனியும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வணங்குகிறார். அவர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் தொல்லியல்காரர். படித்தவர் பிள்ளையின் கண்ணை நம்புகிறார், மரத்துக்குத் தலைகுனிகிறார், இதில் அவருக்கு எந்த முரண்பாடும் இல்லை.

ஆனால் படம் மதப் பிரசாரம் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதில் ஒரு வரலாறு இருக்கிறது. மெய்ஜி காலத்து (1868–1912) அரசு, கமிகளை வணங்கும் ஷின்டோ மரபை அரச வழிபாடாக மாற்றியது. 1906 முதல் கிராமக் கோயில்களை ஒன்றாக்கும் திட்டம் வந்து ஏறத்தாழ 70,000 சிறு கோயில்கள் கலைக்கப்பட்டன, அவற்றைச் சுற்றி நூற்றாண்டுகளாக யாரும் கைவைக்காத தோப்புகள் மரம் மரமாக விற்கப்பட்டன. அதை எதிர்த்துப் போராடியவர் வாகயாமாவைச் சேர்ந்த மினகதா குமகுசு, பூஞ்சையையும் பாசியையும் நாட்டார் வழக்குகளையும் ஒரே ஆர்வத்தோடு படித்த அபூர்வ மனிதர். அந்தப் போராட்டத்தில் 1910இல் சிறைக்கும் போனார். ஊர்க் கோயில் மரத்தை வெட்டினால் அங்கிருக்கும் பூஞ்சையும் பறவையும் போகும், ஊர் மனிதர்களின் ஒட்டுறவும் போகும் என்று அப்போதே எழுதினார். அவர் பெயரில் இருக்கும் 'குசு'வே கற்பூர மரத்தின் பெயர், ஊர்ப்பக்கத்துக் கோயிலின் மரத்தை ஒட்டி வைத்தது. 1945க்கு முன்னால் ஷின்டோ என்றால் பேரரசர், போர், பலி என்றாகிவிட்டிருந்தது. போருக்குப் பின் வளர்ந்த மியாசாகி தலைமுறைக்கு அந்த ஷின்டோ மேல் கசப்புதான். அதனால் டோட்டோரோவில் பூசாரி இல்லை, புராணம் இல்லை, கோயில் திருவிழா இல்லை. நேராக மரம்.

மியாசாகிக்கு இதில் வழி திறந்தது ஒரு தாவரவியலாளர். சசுகே நகாவோ 1966இல் எழுதிய, பயிர்களும் வேளாண்மையும் தோன்றியதைப் பற்றிய நூல். இமயமலை அடிவாரத்தில் தொடங்கி தென்மேற்குச் சீனாவின் யுன்னான் வழியாக மேற்கு ஜப்பான் வரை, பளபளப்பான இலைகளைக் கொண்ட பசுமைமாறா மரக்காடுகள் ஒரு பட்டையாக நீள்கின்றன, அந்தக் காட்டு மக்களின் உணவிலும் பழக்கத்திலும் ஒற்றுமைகள் இருக்கின்றன என்பது அவர் வாதம். தன் நாட்டைப் பேரரசரோடும் போரோடும் மட்டுமே சேர்த்துப் பார்த்து வெறுத்துக்கொண்டிருந்த தனக்கு, நாட்டு எல்லைகளைத் தாண்டிய ஒரு காட்டின் பகுதியாக அதைப் பார்க்க முடிந்தது பெரிய விடுதலை என்று மியாசாகி எழுதியிருக்கிறார். கற்பூர மரம் அந்தக் காட்டு மரங்களில் ஒன்று. டோட்டோரோ வேறு எந்த மரத்திலும் குடியிருந்திருக்க முடியாது என்று எனக்குப் படுகிறது.

பழைய நம்பிக்கைகளைப் படம் கைவிட்டுவிடவும் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இனாரி என்ற விளைச்சல் தெய்வத்தின் கோயிலும் அதன் நரிச் சிலைகளும் இருக்கின்றன, இருட்டில் மெய் பயந்துபோய் அக்காவிடம் ஓடிவருகிறாள். மழைக்கு ஒதுங்குவது ஒரு ஜிசோ சிலையின் சின்னக் கூரையடியில். காணாமல் போன மெய் கடைசியில் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பது வரிசையாக ஆறு ஜிசோ சிலைகளுக்குப் பக்கத்தில். ஜிசோ பௌத்த மரபில் வழிப்போக்கர்களையும் குழந்தைகளையும் காப்பவர். இறந்துபோன குழந்தைகளையும் அவர்தான் பார்த்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. ஜப்பானியத் தாய் ஒருத்தி அந்தக் காட்சியைப் பார்க்கும்போது ஒரே நொடியில் நடுக்கமும் நிம்மதியும் வரும்.

அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வதந்தி கிளம்பியது. டோட்டோரோ மரண தேவன், மெய் குளத்தில் மூழ்கி இறந்துவிட்டாள், சாட்சுகி அவளைத் தேடி மறு உலகத்துக்குப் போய்விட்டாள், கடைசிக் காட்சிகளில் இருவருக்கும் நிழலே இல்லை பாருங்கள் என்று. 1963இல் சைதாமாவின் சயாமா பகுதியில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்ட வழக்கோடும் இதை முடிச்சுப் போட்டார்கள். 2007இல் ஸ்டுடியோவே வெளிப்படையாக மறுத்தது: அப்படி எதுவும் இல்லை, நிழல் இல்லாதது அந்தக் காட்சிக்குத் தேவையில்லை என்று வரைகிறவர்கள் நினைத்ததால் மட்டுமே. இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, தமிழில்கூட யாராவது எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம்தான். இதமான படத்துக்குள் ரகசியமாக ஒரு பிணம் இருந்தால்தான் அது ஆழமானது என்று எடுத்துக்கொள்கிறோம். மரணம் அந்தப் படத்தில் ஒளிந்திருக்கவில்லை. தந்தியில் இருக்கிறது, குளத்தில் மிதந்து கிடைத்த குழந்தைச் செருப்பில் இருக்கிறது, பாட்டி முணுமுணுக்கும் பிரார்த்தனையில் இருக்கிறது. செருப்பு மெய்யுடையது இல்லை என்று சாட்சுகி சொல்கிறாள். படம் அந்த விளிம்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

நிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது மனிதன் கால்படாத காட்டைப் பற்றிய படம் என்று வெளியாட்கள் நினைத்துவிடுகிறார்கள். படத்தின் ஊர் டோக்கியோவுக்கு மேற்கே, சைதாமாவின் டோகொரோசாவாவும் சயாமா குன்றுகளும். மியாசாகி பல காலமாகக் குடியிருக்கும் ஊர். அங்கே இருப்பது சதோயாமா: வயல், வாய்க்கால், வீடுகள், அவற்றுக்குப் பின்னால் ஊரார் வெட்டியும் பெருக்கியும் பராமரித்த காடு. ஓக் மரங்களை பதினைந்து இருபது வருஷத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டி விறகும் கரியும் எடுப்பார்கள், கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். குளிர்காலத்தில் சருகைக் கூட்டி வயலுக்கு எருவாக்குவார்கள். வெளிச்சம் தரையில் விழும், அதனால் பூவும் பூச்சியும் நிறைய. 1950களின் கடைசியிலிருந்து மண்ணெண்ணெயும் எரிவாயுவும் ரசாயன உரமும் வந்ததும் அந்தக் காட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று, டோக்கியோவின் வீட்டுத் தேவை ரயில் பாதையோடு வந்து சேர்ந்தது. சயாமா குன்றுகள் முழுசாகப் போகாமல் தப்பியதற்கு ஒரு காரணம், டோக்கியோவின் குடிநீருக்காக 1920களிலும் 30களிலும் அங்கே கட்டிய நீர்த்தேக்கங்கள்.

அந்த நிலத்தை வரைந்தவர் கலை இயக்குநர் கசுவோ ஓகா. வடக்கே அகிதாவில் பிறந்தவர். மண்ணுக்கு என்ன நிறம் என்று அவருக்கும் மியாசாகிக்கும் வாக்குவாதமே நடந்தது. ஓகாவின் ஊரில் கருமண், மியாசாகிக்கு வேண்டியது கான்டோ சமவெளியின் செம்மண். ஒவ்வொருவரும் தன் சின்ன வயதில் காலில் ஒட்டிய மண்ணுக்காக நின்றிருக்கிறார்கள். படத்தைத் திரும்பப் பார்த்தால் பாதையோரக் களைகளை மட்டும் கவனியுங்கள். பேர் சொல்லக்கூடிய செடிகள், அந்தந்த மாதத்துக்கு உரியவை.

படத்தின் பெயரைத் தாங்கி 1990இல் ஒரு நில மீட்பு இயக்கம் தொடங்கியது. மக்களிடம் நன்கொடை திரட்டிச் சயாமா குன்றுகளில் துண்டு துண்டாகக் காட்டை விலைக்கு வாங்குவது. 1991இல் முதல் துண்டு கிடைத்தது, இன்று 50க்கும் மேற்பட்ட துண்டுகள் 'டோட்டோரோ காடு' என்ற பெயரில் இருக்கின்றன. தன்னார்வலர்கள் வந்து சருகு கூட்டுகிறார்கள், புதர் அறுக்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள். சதோயாமாவை வேலி போட்டுத் தனியே விட்டால் அது இருட்டிப்போகும், யாராவது உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டோட்டோரோவுக்குப் பிறகு வந்தவற்றில் இதே மண்ணின் மறுபக்கத்தை முதலில் காட்டியவர் தகஹாதாதான். 1994இல் 'பொம்போகோ': டோக்கியோவுக்கு மேற்கே தாமா குன்றுகளை இடித்துப் புதுநகரம் கட்டும்போது அங்கிருந்த தனுக்கி என்ற நாய் இன விலங்குகள் உருமாறும் வித்தையால் எதிர்த்துப் போராடித் தோற்கின்றன. தாமா புதுநகரம் கற்பனை இல்லை, 1960களில் திட்டமிட்டு 1971 முதல் ஆட்கள் குடியேறிய நிஜ நகரம். மியாசாகியின் 2001 படமான 'ஸ்பிரிட்டட் அவே'யிலும் ஒரு ஆற்றின் ஆவி தன் பெயரை மறந்து அலைகிறது, ஏனென்றால் அந்த ஆற்றை மூடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். அதில் நாறிப்போன ஒரு ஆற்றுத் தெய்வத்தின் உடம்பிலிருந்து மிதிவண்டியை இழுத்து எடுக்கும் காட்சி, மியாசாகி தன் ஊர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது கண்டதிலிருந்து வந்தது.

அதிகம் பேசப்படாத இரண்டைச் சொல்ல ஆசை. ஒன்று கெய்இச்சி ஹாரா இயக்கிய 'கப்பா கூவும் கோடை விடுமுறையும்', 2007. கப்பா என்பது நீர்நிலைகளில் வாழும் ஆவி. சில நூற்றாண்டுகளுக்கு முன், சாமுராய்கள் ஆண்ட எடோ காலத்தில், சதுப்பு நிலத்தை அழிக்க வேண்டாம் என்று கெஞ்சப்போன கப்பா அப்பாவை ஒரு சாமுராய் வெட்டிவிடுகிறான், பூகம்பத்தில் புதைந்த குட்டியை இந்தக் காலத்துப் பையன் ஆற்றோரம் கண்டெடுக்கிறான். டோட்டோரோவைப் பெரியவர்கள் பார்ப்பதில்லை. இங்கே எல்லோரும் பார்க்கிறார்கள். செய்தி பரவி, தொலைக்காட்சிக் கேமராக்கள் வீட்டு வாசலை மறிக்கின்றன, தெருவில் எல்லார் கையிலும் செல்போன். குழந்தைக்கு மட்டும் தெரிவது எதற்காக என்று இதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது: குழந்தை பார்த்தால் நட்பாகிறது, ஊர் பார்த்தால் காட்சிப்பொருளாகிறது. பையனும் கப்பாவும் இன்னும் கப்பாக்கள் இருக்குமா என்று தேடிப் போகும் டோனோ ஊர், யனகிதா குனியோ 1910இல் நாட்டார் கதைகளைத் தொகுத்து வெளியிட்ட அதே ஊர்.

இன்னொன்று ஹிரோயுகி ஒகியுராவின் 'மோமோவுக்கு ஒரு கடிதம்'. சண்டை போட்ட நாளுக்குப் பிறகு அப்பா இறந்துவிட்டார், அவர் எழுதத் தொடங்கி நிறுத்திய கடிதத்தில் மோமோவின் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. அம்மாவும் பெண்ணும் ஜப்பானின் தீவுகளுக்கு நடுவே உள்ள செடோ உள்நாட்டுக் கடலில் ஒரு தீவுக்கு வருகிறார்கள், அங்கே அழுக்கும் பெருந்தீனியுமாக மூன்று பூதங்கள் அவளோடு ஒட்டிக்கொள்கின்றன. கடைசியில் புயல் இரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். பூதங்கள் செய்வது, மருத்துவரைக் கூட்டிவர அவள் பாலத்தைக் கடக்கும் வரை காற்றையும் மழையையும் மறைத்துக் கூடவே போவது. சிகிச்சை மருத்துவருடையது. பூனைப் பேருந்தின் வேலைதான் இங்கேயும்.

பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்கு: நாலு வயதுக்கு டோட்டோரோ தாராளமாக ஒத்துவரும், மெய் காணாமல் போகும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், நடுவில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். வீட்டில் யாராவது நெடுநாள் நோயாகப் படுத்திருந்தால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கப்பா படம் பத்து வயதுக்கு மேல், தொடக்கத்திலேயே ரத்தம் இருக்கிறது. மோமோவுக்கும் அதே வயது சரியாக வரும். 'மின்மினிகளின் கல்லறை'யைப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, வேறொரு நாளில் பாருங்கள்.